தீவுகளும் கணுக்களும்: யாழ்ப்பாணத் தீவகத்தின் தொடர்பு வலைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கணினி வலையமைப்புப் பற்றிய பாடநூல்கள் ஏறத்தாழ ஒரே வகையில் தொடங்குகின்றன. தகவலைப் பெறவும் அனுப்பவும் வல்ல பொறிகள் கணுக்கள் எனப்படும். கணுக்களைத் தொடுப்பவை இணைப்புகள். செப்புக் கம்பி, கண்ணாடி இழை, வானொலி அலை ஆகிய எதுவும் இணைப்பாகலாம். கணுக்கள் தம்முள் பேசுவதற்கு முன்கூட்டியே உடன்பட்ட விதிகள் நெறிமுறைகள் எனப்படும். இவற்றை விளக்கிய பின்னர் அமைப்பு வடிவங்கள் வரிசைப்படுத்தப்படும். எல்லாக் கணுக்களும் ஒரே பொதுத்தடத்தில் தொங்குவது ஒரு வடிவம். நடுவிலுள்ள மையத்தோடு மட்டும் ஏனையவை இணைவது விண்மீன் வடிவம். ஒன்றையடுத்து ஒன்றாகச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே முடிவது வளையம். மையத்திலிருந்து கிளையும் கிளையிலிருந்து சிறுகிளையுமாகப் பிரிவது மரம். ஒவ்வொரு கணுவும் பல கணுக்களோடு நேரே பிணைந்திருப்பது கண்ணி வடிவம்.

இவற்றைப் பொறியியலாளர் தம் விருப்பப்படி தெரிந்தெடுக்கத்தக்க ஐந்து மாதிரிகளாகவே பாடநூல் காட்டும். எவ்வடிவத்தை யார், எக்காலத்தில், எவருடைய நலன் கருதித் தெரிந்தனர் என்னும் வினா அங்கு எழுவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு நாம் தெரிந்துகொண்ட களம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பரந்து கிடக்கும் தீவகமாகும். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைதீவு என ஏழு தீவுகள் மரபாக எண்ணப்படுவன. மண்டைதீவையும் சேர்ப்பின் எட்டாகும்.

எளிய கணக்கொன்றை முதற்கண் நோக்குவோம். எட்டுத் தீவுகளையும் யாழ்ப்பாண நகரத்தையும் ஒன்பது கணுக்களாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் ஏனைய அனைத்தோடும் நேரே இணைப்பதாயின் 36 இணைப்புகள் வேண்டும். நகரத்தை மையமாக வைத்து விண்மீன் வடிவில் அமைப்பின் 8 இணைப்புகள் போதும். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டெனின் ஆட்சியாளன் எட்டையே விரும்புவான். இணைப்புக்குச் செலவில்லையெனின் முப்பத்தாறும் தாமாகவே தோன்றும். தீவகத்தின் தொடர்பு வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இக்கணக்கு ஒரு திறவுகோலாகும்.

2

பாய்க்கப்பல் காலத்தில் கடல்வழி அமைப்பதற்கு எவரும் மண் கொட்ட வேண்டியிருக்கவில்லை. இறங்குதுறை இருந்தால் இணைப்பும் இருந்தது. சோளகக் காற்றும் வாடைக் காற்றும் வழியைத் திறந்தன. அவையே பருவந்தோறும் மூடவும் செய்தன. ஆகவே தீவுகள் தம்முள்ளும், குடாநாட்டோடும், எதிர்க்கரையிலுள்ள தமிழகத் துறைகளோடும் ஒரேவேளையில் தொடர்புடையனவாக இருந்தன. ஒரு துறை மூடப்படின் தோணி வேறொரு துறையை நாடியது. இதனைக் கண்ணி வடிவத்திற்கு அண்மித்த ஓர் அமைப்பு எனலாம்.

இவ்வமைப்புக்கு நெறிமுறையும் இருந்தது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இதற்குத் தக்க சான்று. அம்மன்னனின் ஆட்சிக்காலம் 1153 முதல் 1186 வரையாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இக்கல்வெட்டைப் பதிப்பித்து ஆராய்ந்தார். ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பரதேசிகள் வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்திற்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால் பாதி பண்டாரத்திற்கு, பாதி உடையவனுக்கு. அரசுக்குப் படைத்தேவையான விலங்குகளைக் கொணர்வோனுக்குக் கூடிய சலுகை வழங்கப்பட்டமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எம்மிடம் கணினி வலை இருந்தது என நிறுவ முனையும் போலிப் பெருமைக்கு இங்கு இடமில்லை. நாம் வலியுறுத்த விரும்புவது வேறு. அறிமுகமற்ற இருவர் ஓரிடத்தில் தொடர்புகொள்வதற்கு, இழப்பு நேரின் யாது செய்வது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்றைய நெறிமுறைகள் பெரும்பாலும் இவ்வினாவுக்கே விடை கூறுகின்றன: அனுப்பிய பொதி வந்து சேராவிடின் யார் அறிவிப்பது, யார் மீள அனுப்புவது, எத்துணை நேரம் காத்திருப்பது. கல்வெட்டின் விதி கலம் உடைதலை விதிவிலக்காகக் கொள்ளவில்லை. இயல்பாக நிகழக்கூடியதெனக் கொண்டே அதற்கு ஒழுங்கு செய்கின்றது.

எனினும் பழைய கடல்வலையைப் பொற்காலமாகக் காண்பதும் வரலாற்று நோக்காகாது. கல்வெட்டுகள் மன்னனையும் வணிகனையும் பேசுகின்றன. துடுப்பு வலித்தோரும் சுமை இறக்கியோரும் பெயரற்றோராயினர். யாழ்ப்பாணச் சமூகத்தில் பின்னர் இறுகிய சாதியமைப்பில், ஒரே துறையில் இறங்கிய அனைவரும் ஒரே கிணற்றில் நீரள்ளும் உரிமை பெற்றிருக்கவில்லை. இணைப்பு இருத்தல் ஒன்று. அதனைப் பயன்படுத்தும் உரிமை இருத்தல் மற்றொன்று. இவ்வேறுபாடு இன்றைய கணினி வலைக்கும் பொருந்தும்.

3

ஐரோப்பியர் வருகை இவ்வலையின் வடிவத்தை மாற்றத் தொடங்கியது. வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஊர்காவற்றுறையிலிருந்தே கப்பலேற்றப்பட்டன. போர்த்துக்கேயர் அதனை யானைத் துறை எனும் பொருளில் அழைத்தனர். துறையைக் குறிக்கும் அவர்களது சொல்லே ‘கயிற்ஸ்’ என்னும் பெயராக நிலைத்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று; புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயின. கணுக்களுக்கு முகவரி வழங்கும் அதிகாரம் எவரிடம் இருக்கின்றதோ அவரே வலையின் அதிபதி என்பதை இப்பெயர்மாற்றம் உணர்த்துகின்றது.

ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நீரிணையின் நடுவே நிற்கும் ஹம்மன்ஹீல் கடற்கோட்டை இதற்கு மற்றொரு சான்று. இக்கோட்டையின் பீரங்கி நீரிணையூடு செல்வோர் அனைவரையும் தன் குறியில் வைத்திருந்தது. ஒல்லாந்தர் அனுமதிச்சீட்டு முறையைப் புகுத்தி, தென்னிந்தியக் கரையோடு உள்ளூர் வணிகர் நடத்திய வாணிபத்தைத் தமது தனியுரிமைக்கு இடையூறாகாதவாறு கட்டுப்படுத்த முனைந்தனர். இன்றைய வலையமைப்பில் போக்குவரத்தைச் சோதித்துச் சிலவற்றை அனுமதித்துச் சிலவற்றைத் தடுக்கும் வாயிற்கணு ஆற்றும் தொழிலையே இக்கோட்டையும் சீட்டும் ஆற்றின. நெடுந்தீவில் இன்றும் காணப்படும் பழைய புறாக்கூடு, செய்தி அனுப்பப் பயன்பட்டது எனக் கூறப்படுகின்றது. அவ்வாறாயின் அங்கு செய்திக்கு ஒரே திசைதான் இருந்திருக்கும். பழக்கிய புறா தன் கூட்டுக்கே திரும்பும்.

பிரித்தானியர் காலத்தில் மாற்றம் முழுமை பெற்றது. பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் ஏற்றுமதி வாயிலாகக் கொழும்பு தெரிந்தெடுக்கப்பட்டது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்புத் துறைமுக அலைதடுப்பு 1885இல் நிறைவெய்தியது. ஆழம் வேண்டிநின்ற நீராவிக் கப்பல்களுக்குத் தீவகத்தின் ஆழமற்ற கடல் உகந்ததாக இருக்கவில்லை. 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான புகைவண்டிப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. எதிர்க்கரையை நோக்கியிருந்த முகம் தெற்கே திருப்பப்பட்டது. ஊர்காவற்றுறையும் வல்வெட்டித்துறையும் பருத்தித்துறையும் தமது வாணிபத்தை உடனே இழந்துவிடவில்லை. பர்மிய அரிசியும் தமிழகப் பண்டங்களும் அதன் பின்னரும் வந்தன. ஆயினும் வேர் கொழும்பிலும் அடிமரம் புகைவண்டிப் பாதையிலுமாக ஒரு மர வடிவம் உருப்பெற்றுவிட்டது. தீவுகள் அம்மரத்தின் நுனியிலைகளாயின.

4

இம்மரவடிவத்தைக் குடியேற்றவாத ஆட்சியிடமிருந்து பெற்றுக்கொண்ட சுதந்திர இலங்கை அதனை மாற்றவில்லை. பல வகையில் உறுதிப்படுத்தியது. குடிவரவு, சுங்கக் கட்டுப்பாடுகள் இறுகியபோது தலைமுறைகளாக நடந்த கடல் வாணிபம் கடத்தல் எனப் பெயர் பெற்றது. 1974இல் இந்திய, இலங்கை அரசுகள் கச்சதீவை உள்ளடக்கிப் பாக்குநீரிணையில் எல்லைக்கோடு வகுத்தன. 1976இல் கோடு மேலும் நீட்டப்பட்டது. நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான ஏறத்தாழ 50 கிலோமீற்றர்க் கடல், இணைப்பு என்னும் நிலையிலிருந்து எல்லை என்னும் நிலைக்கு மாறிற்று.

தீவுகளுக்குள்ளே தாம்போதிகள் அமைந்தமை உண்மையான முன்னேற்றமாகும். பண்ணைத் தாம்போதி நகரத்தை மண்டைதீவு, வேலணை ஆகியவற்றோடு இணைத்தது. வேலணை புங்குடுதீவோடு இணைந்தது. பொன்னாலைத் தாம்போதி காரைநகரைக் குடாநாட்டோடு சேர்த்தது. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன; ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் செல்கின்றன. இப்படத்தை வலையமைப்பு மாணவன் நோக்குவானாயின் அடுக்கடுக்கான விண்மீன் வடிவத்தை உடனே இனங்காண்பான்: யாழ்ப்பாணம் தலைமை மையம், குறிகட்டுவானும் ஊர்காவற்றுறையும் துணை மையங்கள்.

அவன் மற்றொன்றையும் கவனிப்பான். யாழ்ப்பாணம், வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், பொன்னாலை, மீண்டும் யாழ்ப்பாணம் எனச் சுற்றிவரின் அது ஒரு வளையமாகும். அவ்வளையத்தில் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் மட்டும் தரைவழி இல்லை. அங்கே மக்கள் ‘பாதை’ எனப் பெயரிட்டழைக்கும் மிதவைத் தெப்பமே மனிதரையும் வாகனங்களையும் கடத்துகின்றது. பாதை ஓடாத வேளையில் கண்ணுக்கு எதிரே தெரியும் கரையை அடைய நகரத்தினூடாக ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சுற்றவேண்டும். வளையத்தின் சிறப்பு, ஓரிடத்தில் அறுந்தாலும் எதிர்த்திசையிற் சென்று சேரலாம் என்பதே. இச்சிறு இடைவெளியால் அச்சிறப்பு பாதையின் ஓட்டத்தை மட்டுமே நம்பி நிற்கின்றது. பாலம் வேண்டும் என்ற மக்கள் கோரிக்கையை வெறும் வசதிக் கோரிக்கையாகக் கருதுவோர் இதனை உணர்வதில்லை.

மரவடிவத்தின் கொடிய பக்கத்தைப் போர்க்காலம் வெளிக்கொணர்ந்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றோர் கடற்படையினர் என்பது தப்பியோர் சாட்சியம். சர்வதேச மன்னிப்புச் சபையும் இதனை ஆவணப்படுத்தியது. தீவின் மக்கள் வெளியுலகை அடைவதற்கு அக்கடல்வழியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் இராணுவம் தீவகத்தில் தரையிறங்கியது; தீவக மக்களிற் பெரும்பாலோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். பண்ணை வழி அறுந்தது. ஆனையிறவு வழியும் மூடப்பட்டபோது குடாநாடே ஒரு தீவாயிற்று. மக்கள் உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடனீரேரியைப் படகுகளில் இரவிற் கடந்தனர். அரசு வகுத்த மரம் முறிந்தபோது பழைய கடல்வலையின் ஓர் இழையை மக்கள் தாமே மீளக் கண்டெடுத்தனர் என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

5

தீவகத்தில் மரவடிவம் இறுகிக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில் அதன் பலவீனம் பற்றிய ஆய்வு அமெரிக்காவில் நடைபெற்றமை கருதத்தக்கது. ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன் 1964இல் வெளியிட்ட ஆய்வில் தொடர்பு வலைகளை மூன்றாக வகுத்தார்: ஒரே மையமுடையவை, பல மையங்களுடையவை, மையமற்றுப் பரவியவை. அணுவாயுதத் தாக்குதலின் பின்னரும் இராணுவத் தொடர்பு நிலைப்பது எவ்வாறு என்பதே அவரது வினா. ஒரு வலைக்கு வேண்டிய குறைந்தபட்ச இணைப்புகளைப் போல மூன்று நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தாற்போதும், பல கணுக்கள் அழிந்தபின்னும் எஞ்சியவை தம்முள் தொடர்புகொள்ளும் என அவர் காட்டினார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் கிடைத்த வழியிற் சென்று முடிவிடத்தில் ஒன்றுசேரச் செய்தல் அவரது முறை. பிரித்தானியரான டொனால்ட் டேவிஸ் தனித்து அதே முடிவுக்கு வந்து, அத்துண்டுகளுக்குப் பொதி எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவின் இரு ஆய்வு நிலையங்களுக்கு இடையில் முதற்செய்தி சென்றது. அவ்வாண்டு முடிவில் ஆர்ப்பாநெற் வலை நான்கு கணுக்களைக் கொண்டிருந்தது. அணுப்போருக்காகவே அது கட்டப்பட்டது என்பது பரவலான தவறான கருத்து. விலைமிக்க கணினிகளைப் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்வதே அதன் உடனடி நோக்கம். எனினும் அதற்குப் பணம் வழங்கியது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் என்பதை மறத்தற்கில்லை. 1983 சனவரி 1 முதல் அவ்வலை பொதுவான நெறிமுறை ஒன்றுக்கு மாறியது. வெவ்வேறு வலைகள் தம் அகவமைப்பை மாற்றாமலே ஒன்றோடொன்று இணைவதற்கு அது வழிசெய்தது. இன்றைய இணையத்தின் அடிப்படை அதுவேயாகும்.

தீவகத்தவராகிய எமக்கு மேலும் நெருக்கமானது ஹவாய்த் தீவுகளின் அனுபவமாகும். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் பல தீவுகளிற் சிதறிக்கிடந்தன. நோர்மன் ஏப்ரம்சன் தலைமையிலான குழுவினர் 1971இல் வானொலி வழியாக அவற்றை மையக் கணினியோடு இணைத்தனர். அலோகா என்பது அவ்வலையின் பெயர். எல்லா நிலையங்களும் ஒரே அலைத்தடத்தைப் பகிர்ந்துகொண்டன. செய்தி இருப்பவர் உடனே அனுப்பலாம். இருவரது பொதிகள் மோதினால் இரண்டும் கெடும். பெற்றுக்கொண்டதற்கான விடை வராவிடின், அனுப்பியவர் எழுந்தமானமான ஒரு கால அளவு காத்திருந்து மீள அனுப்புவார். ஒடுங்கிய துறைவாயிலில் இரு தோணிகள் ஒருங்கே நுழைய முயன்று இரண்டும் பின்வாங்குவதை எண்ணிப் பார்க்கலாம். இருவரும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் மீண்டும் மோதுவர். வெவ்வேறு அளவு காத்திருப்பின் ஒருவர் முந்திச் செல்வார். இம்முறையில் தடத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 வீதமே பயன்படும். நேரத்தைச் சம கூறுகளாக்கி, கூறின் தொடக்கத்தில் மட்டும் அனுப்ப அனுமதித்தால் அது இருமடங்காகும். இச்சிந்தனையிலிருந்தே 1973இல் ரொபேர்ட் மெற்காஃப் ஈதர்நெற் முறையை வகுத்தார். இன்று அலுவலகந்தோறும் கணினிகளை இணைப்பது அதன் வழிவந்த முறையே. தீவுகளின் தேவையிலிருந்து பிறந்த தீர்வொன்று உலகப் பொதுவுடைமையாயிற்று என்பது எமது சிந்தனைக்கு உரியது.

6

இன்று தீவகத்தில் வானொலிக் கோபுரங்கள் நிற்கின்றன. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த ஒப்பந்தத்தின் பின்னரே கையடக்கத் தொலைபேசி யாழ்ப்பாணத்தில் பரவலாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் இணையமும் பரவியது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவைக் காணும் தம் உறவினரின் கைப்பேசி வழியாகப் பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழும் தீவகத்தார் அதனை அக்கணமே காண்கின்றனர். புங்குடுதீவையும் வேலணையையும் பூர்வீகமாகக் கொண்டோர் முன்னர் கொழும்புக்கும் பர்மாவுக்கும் வாணிபத்திற்காகச் சென்றனர். பின்னர் போரினால் மேலைநாடுகளுக்குச் சிதறினர். நெடுந்தொலைவு இணைப்புகள் வலுப்பெற்றுள்ளன. குறுந்தொலைவு இணைப்புகள் நலிந்தே கிடக்கின்றன. நெடுந்தீவிலிருந்து ஒரு படம் கடல்கடந்து செல்லச் சில நொடிகள் போதும். அதே தீவிலிருந்து கடும் நோயாளி ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப் படகும் வேண்டும், கடலும் இடந்தர வேண்டும்.

செய்தி செல்லும் வழியும் மரவடிவத்தை விட்டு விலகவில்லை. இலங்கையின் கடலடி வடங்கள் தென்மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலுமே தரைதொடுகின்றன. இந்தியாவோடு நேரே இணைக்கும் வடம் 2006இல் கல்கிசைக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இடப்பட்டது. ஆகவே நெடுந்தீவிலிருந்து இராமேசுவரத்துக்கு அனுப்பப்படும் கடிதம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தெற்கே சென்று, அங்கிருந்தே கடல்கடந்து, மீண்டும் வடக்கே திரும்ப வேண்டியுள்ளது. 1905இன் புகைவண்டிப் பாதை வகுத்த திசையையே கண்ணாடி இழையும் பின்பற்றுகின்றது. இணையம் கோட்பாட்டளவில் மையமற்றது. ஆயினும் அது ஓடும் நிலத்தில் ஏற்கெனவே ஓர் அரசியற் பொருளாதாரம் வேரூன்றியுள்ளது.

மின்வலையிலும் இதே சிக்கலைக் காணலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் காற்றும் சூரிய ஒளியும் மின்கலச் சேமிப்பும் கலந்த தனித்தியங்கவல்ல மின்வலைகளை அமைக்கும் திட்டம் 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் எதிர்ப்பின் பின் கைவிடப்பட்டது. பின்னர் 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் இந்திய நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. 1,700 கிலோவாற் சூரிய மின்னும் 530 கிலோவாற் காற்று மின்னும் அதில் அடங்கும். தன்னளவில் இயங்கவல்ல கணு என்பது தீவுக்குப் பெரும்பேறே. ஆனால் அக்கணு எவ்வாறு அமையவேண்டும் என்பதை இரு வல்லரசுகளின் போட்டி தீர்மானித்தது. தீவின் மக்கள் தீர்மானிக்கவில்லை.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிவு தெளிவாகின்றது. வலையமைப்பின் வடிவம் என்பது வரலாற்றின் விளைபொருள். இணைப்புக்குச் செலவில்லாத கடலில் கண்ணி தோன்றியது. ஏற்றுமதிப் பொருளாதாரமும் மையப்படுத்திய ஆட்சியும் அதனை மரமாக்கின. கிளை அறுந்தபோது இலைகளே முதலில் துன்புற்றன. ஓரிடத்தில் மட்டும் வைக்கப்பட்டிருக்கும் எதுவும் இத்தகைய ஆபத்துக்கு உட்பட்டதே. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில், வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் ஒருங்கே சாம்பலாயின.

இன்று எமது பல்கலைக்கழகங்களில் வலையமைப்புக் கற்பிக்கப்படுகின்றது. மாணவர் ஐந்து வடிவங்களையும் வரைந்து, அவற்றின் நன்மை தீமைகளை அட்டவணைப்படுத்தித் தேர்வு எழுதுகின்றனர். அவர்கள் தீவகத்தின் வரைபடத்தையும் அருகில் விரித்து வைத்துக்கொள்வது நன்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் விடுபட்ட சிறு கோட்டையும், நெடுந்தீவைத் தாங்கி நிற்கும் ஒரேயொரு கடல்வழியையும் அவர்கள் அங்கு காண்பார்கள். அவ்விடத்தில் மாற்று இணைப்பு என்பது பாடநூற் சொல்லாக இராது. மனிதர் உயிரோடிருப்பதற்கான ஏற்பாடாக விளங்கும். அத்தகைய இணைப்பை வேண்டிநிற்கும் மக்கள் தம் வலையின் வடிவத்தைத் தாமே வகுக்கும் நிலையை எய்துவதற்கு ஆய்வாளர் துணைநிற்றல் வேண்டும். அறிவியலையும் வரலாற்றையும் ஒருங்கு கற்போரின் முதற்கடமை அதுவே என்பது எமது துணிபு.